சீனக்குடா: எண்ணெய் எழுதிய தலைவிதி

போர் வந்து தங்கிய ஊர்கள் – 6

சென்ற இதழில் கொக்கலை ஏரிக்கரையில் நின்றோம். 1942 ஏப்ரல் 4ஆம் திகதி, அங்கிருந்து கட்டலீனா பறக்கும் படகில் ரோந்து சென்ற கனடிய விமானி லெனார்ட் பர்ச்சல், இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டார். சுட்டு வீழ்த்தப்படுவதற்குள் அவருடைய படகிலிருந்து செய்தி கொழும்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு தாக்கப்பட்டது. நான்கு நாட்கள் கழித்து அதே படை கிழக்குக் கரைக்கு வந்தது. அதன் குறி திருகோணமலை.

அந்தத் தாக்குதலை எதிர்கொண்ட தளம்தான் சீனக்குடா. இதன் வரலாற்றை விமானங்களில் தொடங்கினால் பாதிதான் விளங்கும். எண்ணெயில் தொடங்க வேண்டும்.

நூற்றொரு குதங்கள்

திருகோணமலைத் துறைமுகத்தை ஒருமுறையாவது பார்த்தவருக்கு அதன் மதிப்பைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. குன்றுகள் சூழ்ந்த ஆழமான உள்துறைமுகம். எந்தப் பருவக்காற்றிலும் கப்பல் அசையாமல் நிற்கலாம். சென்னைக் கரையில் பதினெட்டாம் நூற்றாண்டில் துறைமுகமே கிடையாது. திறந்த கடலில்தான் நங்கூரம் போட வேண்டும். வடகீழ்ப் பருவக்காற்று கிளம்பியதும் வங்காள விரிகுடாவில் போர்க்கப்பல்களுக்குப் போக்கிடம் வேண்டும். அதற்காகவே ஐரோப்பியர் இந்தத் துறைமுகத்துக்கு மோதிக்கொண்டார்கள். 1782ஆம் ஆண்டில் மட்டும் இது இரண்டு தடவை கைமாறியது. ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார். பிறகு ஒல்லாந்தரிடமே திரும்பிய கோட்டையை 1795இல் ஆங்கிலேயர் மறுபடி பிடித்த பிறகு, அடுத்த 162 ஆண்டுகளுக்கு விடவேயில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியப் போர்க்கப்பல்கள் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறின. வேகம் கூடியது, ஆட்செலவு குறைந்தது. ஆனால் புதுச் சிக்கல் ஒன்று முளைத்தது. நிலக்கரி பிரித்தானிய மண்ணிலேயே கிடைத்தது. எண்ணெய் அப்படியல்ல. அதைத் தொலைதூரத்திலிருந்து கொண்டுவந்து, கப்பல் போகும் வழியெங்கும் சேமித்து வைக்க வேண்டும். முதல் உலகப் போர் முடிந்த கையோடு சிங்கப்பூரில் பெரும் கடற்படைத் தளம் அமைக்கும் முடிவு எடுக்கப்பட்டது. கீழ்த்திசையில் போர் மூண்டால் மத்தியதரைக் கடலிலிருந்து அங்கே ஓடும் கப்பல்களுக்கு இடைவழியில் எண்ணெய் நிரப்ப இடம் வேண்டுமே!

அந்த இடைவழிக் களஞ்சியங்களில் ஒன்றாகத்தான் சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்கள் எழுந்தன. 1920களில் தொடங்கிய வேலை. காட்டை வெட்டித் திருத்திய ஏறத்தாழ 850 ஏக்கர் நிலத்தில் 101 இராட்சத உருக்குக் குதங்கள். ஒவ்வொன்றும் 12,000 தொன் அளவுக்கு எண்ணெய் கொள்ளும். எல்லாவற்றையும் குழாய்கள் கரையோடு இணைத்தன. கீழ்த்தொகுதி, மேல்தொகுதி என்று இரண்டாகப் பிரித்து, மேல்தொகுதியை மரங்களுக்கிடையே பரப்பி வைத்தார்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவித்தால் ஒரு குண்டில் எல்லாம் போய்விடும் என்ற கணக்கு அது. 1927இல் ரயில் பாதையும் திருகோணமலைக்கு வந்துவிட்டது.

இத்தனை எண்ணெயைக் கொட்டி வைத்த பிறகு அதைக் காவல் காக்க வேண்டும். குதங்களுக்கு அருகே, உள்துறைமுகத்தின் கரையோரமாக விமானத்தளம் வந்தது அதனால்தான். 1939 ஓகஸ்ட் 1ஆம் திகதி, ஐரோப்பாவில் போர் தொடங்க ஒரு மாதம் இருக்கையில், 273ஆம் படையணி இங்கே அமைக்கப்பட்டது. அதற்குக் கொடுக்கப்பட்டவை வில்டபீஸ்ட் என்ற டார்ப்பீடோ விமானங்கள். இரட்டை இறக்கை கொண்ட அந்தப் பழைய விமானங்கள் போர் தொடங்கும்போதே காலாவதியாகியிருந்தன. உலகின் சிறந்த துறைமுகங்களில் ஒன்றுக்கும் ஒரு கடற்படையே குடிக்கும் எண்ணெய்க்கும் அவ்வளவுதான் காவல்.

ஏப்ரல் 9

1942இன் தொடக்க மாதங்களில் எல்லாம் தலைகீழானது. பெப்ரவரி 14ஆம் திகதி ஜப்பானியப் பாரசூட் படையினர் சுமாத்திராவின் பலெம்பாங்கில் குதித்தார்கள். தென்கிழக்காசியாவின் மிகப் பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருந்த ஊர் அது. மறுநாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் ரங்கூன், பிறகு அந்தமான். எண்ணெய் இல்லாமல் போரில் இறங்கிய ஜப்பான், இரண்டே மாதங்களில் எண்ணெய் வயல்களைக் கைப்பற்றிவிட்டது. பலெம்பாங் என்ற பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சீனக்குடாவின் கதையில் அது திரும்பத் திரும்ப வரும்.

சிங்கப்பூர் போனதும் திருகோணமலை இடைவழித் தளமாக இருந்தது மாறி, முன்னரங்கமாகிவிட்டது. மார்ச்சில் அவசர அவசரமாக 261ஆம் படையணியின் ஹரிக்கேன் போர்விமானங்கள் சீனக்குடாவுக்கு வந்தன. 273ஆம் படையணிக்கும் புல்மர் விமானங்கள் கிடைத்தன. ராடர் நிலையம் அமைந்தது. மூன்று ஆண்டுகளில் செய்திருக்க வேண்டியதை மூன்று வாரங்களில் செய்தார்கள்.

ஏப்ரல் 8ஆம் திகதி ரோந்து சென்ற கட்டலீனா ஒன்று ஜப்பானியப் படையைத் திருகோணமலைக்குக் கிழக்கே மறுபடியும் கண்டது. பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே அட்மிரல் நகுமோவின் படை. அகாகி, சோரியு, ஹிரியு, ஷோகாகு, சுயிகாகு என ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் அதில் இருந்தன. அன்றிரவே துறைமுகத்தைக் காலி செய்யும்படி உத்தரவு பறந்தது. நகரக்கூடிய கப்பல்கள் இருட்டோடு இருட்டாகத் தெற்கே புறப்பட்டன.

மறுநாள் காலை ஏழு மணி கடந்ததும் ஏறத்தாழ 130 விமானங்கள் கடலுக்கு மேலாக வந்தன. தலைமை தாங்கியவர் பேர்ள் துறைமுகத் தாக்குதலை நடத்திய மிட்சுவோ புச்சிடா. ராடர் முன்கூட்டியே எச்சரித்ததால் ஹரிக்கேன்கள் தரையில் சிக்கவில்லை, மேலே எழும்பிவிட்டன. கொழும்பில் நேர்ந்த பிழை இங்கே நேரவில்லை. ஆனால் எண்ணிக்கைக்கு முன்னால் வீரம் எவ்வளவு தாங்கும்? எட்டு ஹரிக்கேன்களும் மூன்று புல்மர்களும் வீழ்ந்தன. ஓடுதளத்துக் கொட்டகைகள், பட்டறைகள், கடற்படை இறங்குதுறை எல்லாம் அடிபட்டன. எரபஸ் என்ற போர்க்கப்பல் சேதமடைந்தது. சகாயிங் என்ற சரக்குக் கப்பல் தீப்பற்றி எரிந்தது.

எண்ணெய்க் குதங்களில் ஒன்றும் பற்றிக்கொண்டது. குண்டடிபட்ட ஜப்பானிய விமானமொன்று அதில் வந்து மோதியது என்றும், ஏழு நாட்கள் அணையாமல் எரிந்தது என்றும் திருகோணமலையில் சொல்வார்கள். மேல்தொகுதியின் 91ஆம் இலக்கக் குதம் அது. இன்றும் அதன் எச்சம் அங்கே நிற்கிறது. வட்டமான அடித்தளத்தின் மேல், அங்குலக் கனமுள்ள உருக்குத் தகடுகள் வெந்த அப்பளம் போல நெளிந்து, உள்ளே மடிந்து கிடக்கின்றன. சுற்றிலும் மரம் வளர்ந்துவிட்டது. பக்கத்துக் குதங்கள் முழுசாக நிற்பதைப் பார்த்துவிட்டு இதைப் பார்க்கும்போது, அன்றைய சூடு எப்படியிருந்திருக்கும் என்று விளங்கும். அத்தனை பெரிய விமானப்படை வந்தும் நூறு குதங்கள் தப்பின. பரப்பி வைத்த கணக்கு பலித்துவிட்டது.

ஊர்ச்சனம் என்ன ஆனது? போர் வரலாறுகளில் இதற்கு ஒரு வரிகூடக் கிடைப்பது அருமை. குண்டு விழுந்ததும் திருகோணமலையிலிருந்து ஆட்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்க ஆளில்லாமல் போயிற்று. பர்மா போனதால் அரிசியும் வருவது நின்றுவிட்டது. பங்கீட்டு அரிசிக்கும் கோதுமை மாவுக்கும் தீவு முழுவதும் பழகிய காலம் இது.

விமானமில்லாத விமானந்தாங்கி

முந்திய இரவு தெற்கே ஓடிய கப்பல்களில் ஹேர்மிஸ் இருந்தது. தொடக்கத்திலிருந்தே விமானந்தாங்கியாக வடிவமைக்கப்பட்ட முதல் கப்பல் என்ற பெருமை அதற்கு உண்டு. காலை அது மட்டக்களப்புக்கு அப்பால் இருந்தபோது ஜப்பானிய வேவு விமானம் ஒன்று கண்டுவிட்டது.

ஹேர்மிஸில் அன்று ஒரு விமானம்கூட இல்லை. அதன் 814ஆம் படையணியின் ஸ்வோர்ட்ஃபிஷ் விமானங்கள் சீனக்குடாவில் இறக்கிவிடப்பட்டிருந்தன. காப்பாற்றப் போர்விமானம் கேட்டு அது கூப்பிட்டது. சீனக்குடாவோ அப்போதுதான் அடிவாங்கி முடிந்திருந்தது. இரத்மலானையிலிருந்து கிளம்பிய புல்மர்கள் வந்து சேர்ந்தபோது காலம் கடந்துவிட்டது. காலை பத்தரை மணி கடந்து தாக்குதல் தொடங்கியது. அரைமணி நேரத்துக்குள் கப்பல் மூழ்கிவிட்டது. கப்டன் ரிச்சட் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தார்கள். கூட வந்த அவுஸ்திரேலிய நாசகாரி வம்பயரும், ஹொலிஹொக் என்ற சிறு போர்க்கப்பலும், இரண்டு எண்ணெய்க் கப்பல்களும் அதே கடலில் மூழ்கின. வீட்டா என்ற மருத்துவக் கப்பல் அருகில் இருந்தது பெரும் பேறு. ஏறத்தாழ 600 பேரை அது நீரிலிருந்து எடுத்துக் காப்பாற்றியது.

அன்றைய நாளில் ஒரு முயற்சியை மட்டும் மறக்கக்கூடாது. கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து எழும்பிய ஒன்பது பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் நகுமோவின் கப்பல்களையே தேடிப்போய்க் குண்டு போட்டன. ஒன்றும் படவில்லை. ஐந்து விமானங்கள் திரும்பவில்லை. ஆனால் பேர்ள் துறைமுகத்திலிருந்து அதுவரை யாரும் நெருங்காத அந்தக் கப்பல்களுக்குப் பக்கத்தில் அன்றுதான் குண்டுகள் விழுந்தன.

ஜப்பானியர் இலங்கையில் இறங்கவில்லை. நகுமோவின் படை கிழக்கே திரும்பியது. இரண்டு மாதங்களில் மிட்வே சண்டையில் அகாகி, சோரியு, ஹிரியு மூன்றும் கடலுக்கடியில் போய்விட்டன. பிரித்தானியக் கீழைக் கப்பற்படையோ ஆபிரிக்கக் கரையின் கிலிந்தினிக்கு ஒதுங்கியது. சீனக்குடா மட்டும் அங்கேயே இருந்தது. ஜாவாவிலிருந்து தப்பி வந்த ஒல்லாந்துக் கடற்படை விமானிகளைக் கொண்டு அதே 1942இல் 321ஆம் படையணி இங்கே உருவானது. அவர்களுடைய கட்டலீனாக்கள் அடுத்த மூன்று ஆண்டுகள் இந்தியப் பெருங்கடலில் நீர்மூழ்கிகளைத் தேடித் திரிந்தன. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் இந்தக் கோட்டையை இழந்த ஒல்லாந்தர், அடைக்கலம் தேடி இங்கேயே வந்து சேர்ந்தார்கள்!

7,200 அடி

1944இல் காற்று திசை மாறியது. கீழைக் கப்பற்படை திருகோணமலைக்குத் திரும்பியது. ஏப்ரலில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் கண்டிக்கு வந்தது. அதே மாதம் 19ஆம் திகதி, திருகோணமலையிலிருந்து சென்ற பிரித்தானிய, அமெரிக்க விமானந்தாங்கிகள் இரண்டு சுமாத்திராவின் சபாங் துறைமுகத்தைத் தாக்கின. அடிவாங்கிய துறைமுகம் அடிகொடுக்கத் தொடங்கிவிட்டது.

அமெரிக்கரின் கண் பலெம்பாங் மேல் இருந்தது. ஜப்பானின் விமான எரிபொருளில் 78 வீதம் அங்கிருந்தே வருகிறது என்பது அவர்கள் மதிப்பீடு. அதை எட்டிப்பிடிக்க வல்லது பி-29 குண்டுவீச்சு விமானம் ஒன்றுதான். ஆனால் அதன் தளங்கள் வங்காளத்தில் இருந்தன. அங்கிருந்து பலெம்பாங் போய்த் திரும்ப முடியாது. வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தபோது சீனக்குடா கிடைத்தது.

முழு எரிபொருளோடு பி-29 ஒன்றின் எடை ஏறத்தாழ 60 தொன். போர்விமானங்களுக்கென அமைத்த பழைய ஓடுபாதை அதைத் தாங்காது. 1944 மார்ச்சிலிருந்து வேலை நடந்தது. ஓடுபாதை 7,200 அடியாக நீண்டது. ஐம்பதுக்கு மேற்பட்ட பி-29கள் நிற்பதற்குக் கெட்டியான தரைகளும், அத்தனைக்கும் எரிபொருள் ஊட்டும் குழாய் அமைப்பும் அமைந்தன. அதற்குள் ஒரு விபத்து. ஓகஸ்ட் 8ஆம் திகதி இரவு, வாலியண்ட் என்ற பெரும் போர்க்கப்பலைத் தூக்கி வைத்திருந்த மிதக்கும் செப்பனிடுதுறை துறைமுகத்திலேயே உடைந்து மூழ்கியது. கப்பலும் படுசேதமடைந்தது.

ஓகஸ்ட் 10ஆம் திகதி மாலை, 54 பி-29கள் சீனக்குடாவிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக எழும்பின. போகவர 3,800 மைல்களுக்கு மேல், ஏறத்தாழ 19 மணி நேரம் வானிலே. அத்தனை தூரத்துக்கு எரிபொருள் ஏற்றியதால் குண்டு ஒரு தொன்னுக்கு மேல் ஏற்ற முடியவில்லை. 39 விமானங்கள் பலெம்பாங் பகுதியை அடைந்தன. 31 சுத்திகரிப்பு நிலையத்தின் மேல் குண்டு போட்டன. 8 விமானங்கள் மூசி ஆற்றில் கண்ணிவெடிகளை இறக்கின. திரும்பும் வழியில் ஒரு விமானம் எரிபொருள் தீர்ந்து இலங்கைக்கு அருகே கடலில் இறங்கியது.

பிறகு எடுத்த படங்களில், குண்டுவீச்சால் தகர்ந்ததாக உறுதியாகத் தெரிந்தது ஒரே ஒரு கட்டடம். ஆற்றில் போட்ட கண்ணிவெடிகளோ கப்பல்களை மூழ்கடித்து, அந்த ஆற்றுப்பாதையை ஒரு மாதம் மூடி வைத்தன. சீனக்குடாவிலிருந்து பி-29கள் பிறகு ஒருபோதும் தாக்குதலுக்குக் கிளம்பவில்லை. இவ்வளவு பாடுபட்டு நீட்டிய ஓடுபாதை, எந்த வேலைக்காக நீட்டப்பட்டதோ அதை ஒரே ஒரு இரவு செய்தது.

பலெம்பாங்கின் கணக்கைத் தீர்த்ததும் திருகோணமலையிலிருந்து போனவர்களே. 1944 நவம்பரில் இங்கே உருவான பிரித்தானியப் பசிபிக் கப்பற்படை, 1945 ஜனவரி 16ஆம் திகதி புறப்பட்டு, சிட்னிக்குப் போகும் வழியில் 24ஆம் 29ஆம் திகதிகளில் அந்த நிலையங்களைத் தாக்கியது. இந்த முறை குறி தப்பவில்லை, உற்பத்தி படுத்துவிட்டது. எண்ணெயைக் காக்கப் பிறந்த தளம், எதிரியின் எண்ணெயைக் கொளுத்தும் தளமாகித் தன் போரை முடித்தது.

கொடி இறங்கிய பிறகு

1948இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. தளங்கள் பெறவில்லை. முந்திய நவம்பரில் கையெழுத்தான பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி கடற்படையும் விமானப்படையும் இருந்த இடத்திலேயே இருந்தன. 1956 தேர்தலில் வென்ற எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க அவற்றைக் கேட்டு வாங்கினார். 1957 ஒக்டோபர் 15ஆம் திகதி திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் பிரித்தானியக் கொடி இறங்கியது. சீனக்குடா இலங்கை விமானப்படையின் கைக்கு வந்தது.

அந்தக் கொடி இறங்கியதில் மகிழாதவர் இல்லை. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. அதைக் கொடுத்தவர்கள் தொழிலாளர்கள். கடற்படைத் தளம் மூடப்பட்டதும் அங்கே வேலை செய்த தமிழ்த் தொழிலாளர் சுமார் 400 பேர் பிழைப்பிழந்தார்கள். அவர்களைப் பதவியாக் குடியேற்றத்தில் குடியமர்த்தும் யோசனை எழுந்தபோது அதற்கு எதிராகச் சிங்களக் குழுக்கள் கிளம்பின. 1958 மே மாதம் நாடு முழுவதும் மூண்ட இனக்கலவரத்துக்கு எண்ணெய் வார்த்த காரணங்களில் இதுவும் ஒன்று. லண்டனிலும் கொழும்பிலும் கையெழுத்தான தாள், யாரோ ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை இந்த வரலாற்றை எழுதுகிறவர் தவிர்த்துவிட்டுப் போகக்கூடாது.

1971 ஏப்ரல் கிளர்ச்சியின்போது சீனக்குடாவில் மூடி வைக்கப்பட்டிருந்த ஜெட் புரவோஸ்ட் விமானங்கள் அவசரமாக வெளியே எடுக்கப்பட்டன. அந்நியருக்கு எதிராக அமைந்த ஓடுபாதையிலிருந்து சொந்த நாட்டு இளைஞர்கள் மீது தாக்குதல் நடந்தது. இன்று அங்கே இலங்கை விமானப்படையின் பயிற்சிக் கல்விக்கழகம் இயங்குகிறது. துறைமுகத்தில் எரிந்து, பின்னர் மூழ்கடிக்கப்பட்ட சகாயிங்கை இலங்கைக் கடற்படையின் சுழியோடிகள் மாதக்கணக்கில் பாடுபட்டு 2018 மார்ச்சில் மிதக்க வைத்தார்கள்.

எண்ணெய்க் குதங்களின் கதையோ முடியவில்லை. 1987 ஜூலை 29ஆம் திகதி ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்தனவும் தமிழரின் உரிமைப் பிரச்சினை பற்றி ஒப்பந்தம் செய்தபோது பரிமாறிக்கொண்ட கடிதங்களில் இந்தக் குதங்களும் இடம்பெற்றன. இரு நாடுகளும் கூட்டாக அவற்றைப் புதுப்பிக்கும் என்று எழுதப்பட்டது. 2003இல் லங்கா ஐஓசி வந்தது. 2022 ஜனவரியில் புது உடன்பாடு: எஞ்சியுள்ள 99 குதங்களில் 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 ஐஓசிக்கு, 61 கூட்டு நிறுவனத்துக்கு. அதே ஆண்டின் நடுப்பகுதியில் நாடு முழுவதும் மக்கள் ஒரு கலன் பெற்றோலுக்கு இரவும் பகலும் வரிசையில் நின்றார்கள். பத்து இலட்சம் தொன்னுக்கு மேல் எண்ணெய் கொள்ளும் களஞ்சியத்தின் பெரும்பகுதி அப்போது வெறுமையாய்க் கிடந்தது.

நூறு ஆண்டுகளாகச் சீனக்குடாவைப் பற்றி முடிவெடுத்தவர்கள் லண்டனிலும் தோக்கியோவிலும் வாஷிங்டனிலும், பிறகு கொழும்பிலும் டெல்லியிலும் இருந்தார்கள். அந்த மண்ணில் வாழ்ந்தவர்கள் குண்டு விழுந்தபோது ஓடினார்கள், தளம் மூடியபோது வேலை இழந்தார்கள். எந்த ஒப்பந்தத்திலும் அவர்கள் ஒரு தரப்பாக இருந்ததில்லை. இனி அந்தக் குதங்களைப் பற்றி எழுதப்படும் எந்த உடன்பாடும் திருகோணமலையின் தமிழரையும் முஸ்லிம்களையும் சிங்களவரையும் முதலில் கேட்டுவிட்டு எழுதப்பட வேண்டும். வேலையிலும் வருமானத்திலும் அவர்களுக்குரிய பங்கு எழுத்தில் இருக்க வேண்டும். இந்த வரலாற்றிலிருந்து கற்க வேண்டியது ஒன்று உண்டென்றால், அது இதுதான்.

அடுத்த இதழில்: காங்கேசன்துறைக்கு அருகே தோட்ட நிலத்தில் பிறந்த பலாலி ஓடுபாதை.

(தொடரும்)